பயணத்துக்கு முந்தைய வாரம்: பழைய கூடாரத்தைச் செப்பனிட்ட சனியும் ஞாயிறும்

அடுத்த வார இறுதியில் உறவும் நட்புமாக ஒரு பெரிய கூட்டமே கிளம்புகிறது. இரண்டு இரவுகள் திறந்த வெளியில் தங்கல். எங்களிடம் இருப்பவை மூன்று கூடாரங்கள். அவற்றில் பெரியது, நால்வர் படுக்கக்கூடியது, எல்லோருக்கும் பொது. வீடு வீடாகக் கைமாறி இப்போது என் பொறுப்புக்கு வந்திருக்கிறது. இந்த வார இறுதியில் எனக்கு வெளி வேலை எதுவும் இல்லை. எனவே இரண்டு நாட்களையும் அதற்கே கொடுத்துவிட்டேன்.

கிளம்பும் நாளுக்கு முந்தைய இரவு பையைத் திறந்து பார்ப்பது என்பது எனக்கு ஒத்துவராது. தையலில் பூசும் பசை முழுமையாக இறுக ஓர் இரவாவது வேண்டும். உதிரிப் பாகம் ஏதாவது தேவைப்பட்டால் அது வந்துசேர நாலைந்து நாட்கள் ஆகலாம். தனியாகப் போகும்போது கூடாரம் ஒழுகினால் நனைவது நான் ஒருத்திதான். கூட்டமாகப் போகும்போது அப்படியில்லை. நள்ளிரவில் ஒரு கூடாரம் நனைந்தால் அதில் இருப்பவர்கள் மற்ற இரண்டுக்குள் புகுந்தாக வேண்டும். பிறகு யாருக்குமே தூக்கம் இருக்காது. ஆகவே ஒரு வாரம் முன்பே செப்பனிடுவதுதான் முறை என்று உறுதியாக நம்புகிறேன்.

சனிக்கிழமை காலை, வெயில் ஏறுவதற்கு முன் வீட்டின் பின்புறம் கூடாரத்தை விரித்தேன். அக்கா மகள் உதவிக்கு வந்திருந்தாள். உள்கூடாரம், அதன் மேல் மழை தாங்கும் மேல்விரிப்பு, குறுக்காக வளைந்து நிற்கும் இரண்டு அலுமினியக் கம்புகள். இதுதான் அமைப்பு. பையைத் திறந்ததும் நான் முதலில் செய்தது முகர்ந்து பார்த்ததுதான். மேல்விரிப்பின் உட்பக்கம் பாலியூரித்தேன் பூச்சு உள்ள கூடாரங்கள் ஈரத்தோடும் வெப்பத்தோடும் நெடுநாள் மடிந்து கிடந்தால், காற்றிலுள்ள ஈரமே அந்தப் பூச்சை மெல்லச் சிதைத்துவிடும். அப்படிச் சிதைந்ததில் புளித்த வாந்தி போன்ற நாற்றம் அடிக்கும். விரலை வைத்தால் பிசுபிசுவென்று ஒட்டும். பரப்பு முழுவதும் அப்படி ஆகிவிட்டால் தையலுக்கு எத்தனை பசை பூசினாலும் பயனில்லை. பழைய பூச்சைச் சுரண்டி எடுத்து மறுபூச்சுப் போட வேண்டும், அல்லது விரிப்பையே மாற்ற வேண்டும். இதில் நாற்றம் இல்லை. துணியின் இரு மடிப்புகளை அழுத்திப் பிரித்தபோது ஒட்டவும் இல்லை. பெரிய நிம்மதி.

ஆனால் தையல்களின் உட்புறம் ஒட்டியிருந்த ஒளி ஊடுருவும் நாடா மூன்று இடங்களில் உரிந்து சுருண்டு தொங்கியது. தைக்கும்போது ஊசி போகும் ஒவ்வொரு இடத்திலும் துணியில் ஒரு துளை விழுகிறது. துணி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்தத் துளைகளின் வழியாகவும் நூலின் வழியாகவும் நீர் உள்ளே வரும். நாடா இருப்பது அதைத் தடுக்கத்தான்.

உரிந்த இடத்தைக் கண்டவுடன் பசைக்குழாயைத் திறந்துவிடக் கூடாது. கண்ணுக்குத் தெரியும் கோளாறு ஒன்றாக இருக்கும். நீர் வரும் வழி வேறாக இருக்கும். முதலில் சோதனை, பிறகே பசை. அக்கா மகளை டார்ச்சும் துணிகளை மாட்டும் கிளிப்புகளும் கொடுத்து உள்ளே உட்கார வைத்தேன். நான் வெளியே ரப்பர் குழாயின் வாயில் விரலை வைத்து, மழை பெய்வதுபோல மேலிருந்து நீர் விழும்படி பிடித்துக்கொண்டேன். ஒரே இடத்தில் பீய்ச்சி அடிப்பது தவறான சோதனை; மழை அப்படி விழுவதில்லை. ஒவ்வொரு பக்கமாக, பத்துப் பதினைந்து நிமிடம் பொறுமையாக நனைத்தேன். வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது: “சித்தி, வாசல் பக்கம் மேலே ஒரு சொட்டு!”

போய்ப் பார்த்தேன். நாடா உரிந்த மூன்று இடங்களில் ஒன்று உலர்ந்தே இருந்தது. மற்ற இரண்டிலும் தையல் நெடுக நீர் முத்து முத்தாக அரும்பியிருந்தது. ஆனால் அவள் சொன்ன சொட்டு நாடா உரியாத இடம். இழுகயிறு கட்டும் வளையம் மேல்விரிப்போடு சேரும் மூலையில், துணி நாலைந்து மடிப்பாகக் குவிந்து தைத்திருக்கிறது. அந்தத் தடிப்பின் மேல் நாடா முழுதாகப் படிவதில்லை; ஓரத்தில் ஊசி முனை அளவுக்கு ஓர் இடைவெளி. காற்றடிக்கும்போது மிக அதிகமாக இழுபடும் இடமும் அதுதான். நீர் நூல் வழியாக இறங்கி, அந்த இடைவெளியில் திரண்டு, கனம் தாங்காமல் விழுந்தது. அடுத்த சொட்டுத் திரள அரை நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. வெளியே நின்று எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் இது அகப்பட்டிருக்காது. அவள் கிளிப்பை அங்கேயே மாட்டி அடையாளம் செய்தாள்.

மேல்விரிப்பின் துணி சில இடங்களில் நீரை உருட்டிவிடாமல் குடித்துக் கருத்திருந்ததையும் கவனித்தேன். பலர் இதையே ஒழுகல் என்று நினைத்துவிடுகிறார்கள். துணியின் வெளிப்புறத்தில் நீரை உருட்டிவிடும் மேற்பூச்சு ஒன்று உண்டு. உட்புறத்தில் நீரைத் தடுக்கும் பூச்சு வேறு. வெளிப்பூச்சு தேய்ந்தால் துணி ஈரத்தில் கனத்துத் தொய்யும், காயவும் தாமதமாகும். உட்பூச்சு சரியாக இருக்கும்வரை நீர் உள்ளே வராது. எங்கள் கூடாரத்தின் அடையாளச் சீட்டில் மேல்விரிப்பு 2000 மி.மீ., தரை 3000 மி.மீ. என்று இருக்கிறது. அந்தத் துணியின் மேல் 2 மீட்டர், 3 மீட்டர் உயரத்துக்கு நீரை நிறுத்தினாலும் கசியாது என்பது அதன் பொருள். தரைக்கு ஏன் கூடுதல் என்றால், ஈரத்தரையில் ஒருவர் முழங்காலை ஊன்றும்போது விழும் அழுத்தம் மழைத்துளியின் அழுத்தத்தைவிட மிக அதிகம்.

மேல்விரிப்பைக் கழற்றிக் கொடியில் காயப்போட்டுவிட்டு, அது காயும் நேரத்தில் கம்புகளை எடுத்துக்கொண்டேன்.

கம்புத் துண்டுகளின் உள்ளே ஓடும் எலாஸ்டிக் கயிறு, ஒரு கம்பில் உயிரே இல்லாமல் தொங்கியது. துண்டுகளைப் பொருத்தினால் தாமாகக் கவ்விக்கொள்ளாமல் நழுவின. இருட்டில், காற்றில், பிள்ளைகள் சுற்றி நிற்கும்போது இப்படி ஒரு கம்போடு போராடுவதைவிட இப்போதே மாற்றிவிடுவது மேல். வேலை எளிது, எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். கம்பின் ஒரு முனையில் உள்ள மூடியை இழுத்தால் கயிற்றின் முடிச்சு வெளியே வரும். முடிச்சை வெட்டியதும், துண்டுகளை எந்த வரிசையில் இருந்தனவோ அதே வரிசையில் தரையில் அடுக்கிவைத்தேன். இந்த வரிசை முக்கியம். நுனித்துண்டும் நடுத்துண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் பொருத்தும் முனைகள் வேறு. புதுக் கயிறு 3 மி.மீ. கனமுள்ளது. அதன் முனையில் மெல்லிய இரும்புக் கம்பியைச் சேர்த்துச் சுற்றிக் கட்டி, துண்டு துண்டாகக் கோத்தேன்.

நீளம்தான் நுட்பம். பழைய கயிற்றை வைத்து அளக்கக் கூடாது. அது தளர்ந்து நீண்டுபோனது. கயிறு மிக நீளமாக இருந்தால் துண்டுகள் கவ்வாது. மிகக் குட்டையாக இருந்தால் மடித்துவைக்கும்போது முழுக்க விறைத்து நிற்கும். அப்படியே மாதக்கணக்கில் பையில் கிடந்து சீக்கிரம் செத்துப்போகும். அதனால் உடனே வெட்டாமல் ஒரு தற்காலிகச் சுருக்கைப் போட்டேன். எல்லாத் துண்டுகளையும் பொருத்திக் கம்பைத் தூக்கி உதறினேன். எந்த இணைப்பும் விலகவில்லை. பிறகு மடித்துப் பார்த்தேன். கயிறு இழுவையோடு இருந்ததே தவிர விறைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் முடிச்சை இறுக்கி மீதியை வெட்டினேன். இனி இந்தக் கம்பைக் கழற்றும் எவரும் நடுவிலிருந்து தொடங்கி இருபுறமும் மடிக்க வேண்டும் என்று குழுவில் எல்லோருக்கும் சொல்லப்போகிறேன். ஒரு முனையிலிருந்து கழற்றிக்கொண்டே போனால் இழுவை முழுவதும் கடைசித் துண்டின் கயிற்றின் மேல் விழும்.

மற்றக் கம்பில் ஓர் இணைப்பின் வாயில் மயிரிழை விரிசல். கம்போடு வரும் சிறு குழல் ஒன்று எப்போதும் பையில் இருக்கும். அதை விரிசலின் மேல் நடுவாகச் செலுத்தி, இரு முனைகளிலும் வலுவான துணி டேப்பைச் சுற்றினேன். இது தற்காலிகக் கட்டுதான், ஆனால் இரண்டு இரவுகளுக்குத் தாராளமாகத் தாங்கும். அதே கம்பு சற்று வளைந்தும் இருக்கிறது. அதை நிமிர்த்தவில்லை. வளைந்த அலுமினியத்தைப் பிடித்து நேராக்கினால் வளைந்த இடத்திலேயே ஒடியும். வளைந்த நிலையிலேயே அது கூடாரத்தைச் செம்மையாகத் தாங்குகிறது.

வாசல் ஜிப் தனிக் கதை. ரன்னர் ஓடிய பிறகும் பின்னால் பற்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. ஜிப்பே போய்விட்டது என்று எண்ணத் தோன்றும். பெரும்பாலும் போவது பற்கள் அல்ல, ரன்னர். மணல் உராய்ந்து உராய்ந்து அதன் உட்புறம் தேய்ந்து, இரு தகடுகளுக்கும் இடையே உள்ள இடைவெளி அகன்றுவிடுகிறது. முதலில் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் பற்களை நீர்விட்டுத் தேய்த்துக் கழுவினேன். அங்கிருந்து வந்த மணல் என்னை மலைக்க வைத்தது. காய்ந்த பிறகு பிளையரால் ரன்னரின் பின்பகுதியை, இடப்புறம் ஒரு சிறு அழுத்தம், வலப்புறம் ஒரு சிறு அழுத்தம் என்று மாற்றி மாற்றி நெருக்கினேன். ஒவ்வோர் அழுத்தத்துக்குப் பிறகும் ஓட்டிப் பார்த்தேன். இங்கே வேகம் உதவாது. ரன்னர் உலோகம் எளிதில் வெடித்துவிடும். அளவுக்கு மீறி நெருக்கினால் ஓடவும் ஓடாது. இப்போது பற்கள் பிடிக்கின்றன. ஆனாலும் தேய்ந்த ரன்னருக்கு ஆயுள் குறைவு. அதே அளவில் புதிது ஒன்றுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். அளவு ரன்னரின் பின்புறம் எண்ணாகப் பொறித்திருக்கும். ஜிப் வழுக்க வேண்டுமென்று எண்ணெய் விடுவதை நான் ஆதரிப்பதில்லை. எண்ணெயில் மணல் ஒட்டும். தேய்மானம் இன்னும் வேகமாகும்.

மாலைக்குள் மேல்விரிப்பு நன்றாகக் காய்ந்துவிட்டது. இனித்தான் பசை.

எந்தப் பசை என்பதில் குழப்பம் வேண்டாம். துணியின் பூச்சு பாலியூரித்தேன் என்றால் அதற்குரிய யூரித்தேன் பசை. சிலிக்கோன் பூச்சு என்றால் சிலிக்கோன் பசை. ஒன்றின் மேல் மற்றது பிடிக்காது. தையலில் ஆலையிலேயே ஒட்டிய நாடா இருந்தால் அந்தப் பக்கம் பாலியூரித்தேன் என்று கொள்ளலாம், ஏனென்றால் சிலிக்கோனின் மேல் அந்த நாடா நிற்பதில்லை. ஐயம் இருந்தால் கண்ணில் படாத மூலையில் ஒரு துளி வைத்து, காய்ந்த பிறகு நகத்தால் கீறிப் பார்த்தால் தெரிந்துவிடும். அப்படியே உரிந்து வந்தால் அது தவறான பசை.

உரிந்த நாடாவை, நன்றாக ஒட்டியிருக்கும் இடம்வரை மெதுவாக இழுத்துக் கத்தரித்தேன். சிலர் இஸ்திரிப்பெட்டியால் சுட்டு மீண்டும் ஒட்டுகிறார்கள். மெல்லிய நைலானில் அந்தத் துணிச்சல் வேண்டாம் என்பது என் கருத்து. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் தையலை அழுத்தித் துடைத்தபோது பழைய பிசின் மஞ்சளாகத் துணியில் ஏறியது. துணி வெளுப்பாக வரும்வரை துடைத்தேன். பசையின் பிடிமானத்தில் பாதி இந்தத் துடைப்பில்தான் இருக்கிறது. பிறகு காற்றோட்டமான இடத்தில், கையுறை போட்டுக்கொண்டு, சிறு பிரஷ்ஷால் தையலின் மேலும் இருபுறமும் அரை சென்டிமீட்டர் அகலத்துக்கு மெல்லியதாகப் பூசினேன். அந்த மூலைத் தடிப்பில் மட்டும், தையலை விரலால் சற்று விரித்துப் பிடித்து, பசை நூலுக்குள் இறங்கும்படி பிரஷ் முனையால் குத்திக் குத்தி விட்டேன். கனமாக அப்பினால் வலு கூடாது. மடிக்கும்போது வெடிப்பு விழும்.

மீந்த பசைக்குழாயை நன்றாக மூடி, உறைபெட்டியில் வைத்துவிட்டேன். இந்த வகைப் பசை காற்றின் ஈரத்தால் இறுகுவது. வெளியே வைத்தால் சில வாரங்களில் குழாய்க்குள்ளேயே கல்லாகிவிடும். குளிரில் நெடுநாள் இருக்கும். எடுத்துப் பயன்படுத்தும்போது அறை வெப்பத்துக்கு வந்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும்.

ஞாயிறு காலை தொட்டுப் பார்த்தேன்; பசை ரப்பராக இறுகியிருந்தது. மடித்தால் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க டால்கம் பவுடரைத் தூவித் தட்டிவிட்டேன். மீண்டும் கூடாரம், மீண்டும் நீர். உள்ளே அதே இடத்தில் அதே பெண். இந்த முறை வெகுநேரம் நனைத்தும் ஒரு சொட்டும் இல்லை என்று அவள் சொன்னபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி சாதாரணமானதல்ல. அவள் வெளியே வருவதற்குள் விரிப்பின் உட்புறம் இலேசாகப் பனித்திருந்தது. அது ஒழுகல் அல்ல, அவள் மூச்சின் ஈரம். நான்கு பேர் இரவு முழுவதும் மூச்சுவிட்டால் அது இன்னும் அதிகமாக இருக்கும். அதனால்தான் மழை பெய்தாலும் மேலே உள்ள காற்றுத்துளைகளை மூடக் கூடாது. உள்கூடாரமும் மேல்விரிப்பும் ஒன்றையொன்று தொடாதபடி இழுகயிறுகளை விறைப்பாக வைக்க வேண்டும். நைலான் நனைந்தால் நீளும் என்பதால் படுக்கப்போகும் முன் ஒரு சுற்று வந்து கயிறுகளை மீண்டும் இறுக்க வேண்டும். இதற்கு முளையைச் சுற்றி வந்த முனையை வளையத்துக்குள் இரண்டு சுற்று, வெளியே ஒரு சுற்று போடும் முடிச்சு போதும். கையால் நகர்த்தினால் நகரும், கயிறு இழுத்தால் நகராது. அக்கா மகளுக்குக் கற்றுக்கொடுத்தேன். இப்போது என்னைவிட விரைவாகப் போடுகிறாள்.

காற்றுப் பாய்களையும் ஊதி வைத்திருந்தேன். ஒன்று இறங்கியது. துளையைத் தேடுவதற்கு முன் வால்வின் மேல் சோப்பு நீரைத் தடவிப் பார்ப்பது வழக்கம். பாதி நேரம் அங்கே ஒரு மண் துகள்தான் காரணமாக இருக்கும். இதில் காரணம் ஒரு முள் துளை. குமிழி வந்த இடத்தைப் பேனாவால் வட்டமிட்டு, காற்றை இறக்கித் துடைத்து, அதே யூரித்தேன் பசையில் ஒரு துளி வைத்தேன். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும்: மாலையில் ஊதிய பாய் நள்ளிரவில் தளர்ந்தால் உடனே துளை என்று பதற வேண்டியதில்லை. காற்று 30 டிகிரியிலிருந்து 15 டிகிரிக்குக் குளிர்ந்தாலே அதன் கன அளவு ஏறத்தாழ 5 சதவீதம் சுருங்கிவிடும். படுக்கும் முன் இரண்டு மூச்சு கூடுதலாக ஊதினால் சரியாகிவிடும்.

பாய்களைக் கூடாரத்துக்குள் அடுக்கிப் பார்த்ததும் நல்லதாயிற்று. கூடாரத்தின் உள் அகலம் 240 செ.மீ. வழக்கமான 51 செ.மீ. பாய் நான்கு என்றால் 204, இடம் மிஞ்சும். எங்களிடம் இருப்பதில் இரண்டு, 63 செ.மீ. அகலமானவை. அவை இரண்டும் குறுகியவை இரண்டும் சேர்ந்தால் 228. அடங்கிவிடும். நான்கும் அகலமானவை என்றால் 252, அடங்காது. ஆகவே யார் எந்தப் பாயைக் கொண்டுவருவது என்று இன்றே பட்டியலில் எழுதிவிட்டேன். அந்தப் பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே ஒரே ஒரு பெயர் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறோம். எல்லோரும் கொண்டுவருவார்கள் என்று விட்ட பொருளை ஒருவரும் கொண்டுவருவதில்லை.

மற்றவை சிறு வேலைகள். நெற்றி விளக்குகளில் ஒன்றில் பழைய பேட்டரி கசிந்து வெள்ளையாகப் பூத்திருந்தது. அது காரம், பஞ்சில் சிறிது வினிகர் தொட்டுத் துடைத்ததும் தொடுமுனை பளபளத்தது, விளக்கும் எரிந்தது. அடுப்பின் ரப்பர் வளையத்தைச் சோப்பு நீர் வைத்துச் சோதித்தேன், குமிழி இல்லை. எவ்வளவு மழை பெய்தாலும் அடுப்பைக் கூடாரத்துக்குள் ஏற்றக் கூடாது என்பதைப் பட்டியலின் தலைப்பில் பெரிதாக எழுதியிருக்கிறேன். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும்.

மதியத்துக்குப் பிறகு கூடாரத்தைத் துளி ஈரமில்லாமல் காயவைத்துப் பையில் போட்டேன். செப்பனிடும் பொருட்களுக்குத் தனியாக ஒரு சிறு பை: கம்புக் குழல், துணி டேப், மூலைகளை வட்டமாக வெட்டிய ஒட்டுத் துணிகள், ஊசி நூல், கூடுதல் முளைகள், ஆல்கஹால் தோய்த்த துடைப்புத் தாள்கள். ஒட்டுத் துணியின் மூலை கூராக இருந்தால் அங்கிருந்துதான் உரியத் தொடங்கும், அதனால்தான் வட்டம்.

பாக்கி இருப்பது புது ரன்னர் வந்ததும் மாற்றுவது மட்டும்தான். மற்ற இரண்டு கூடாரங்களையும் புதன்கிழமைக்குள் ஒரு முறை விரித்து நீர் ஊற்றிப் பார்த்துவிடும்படி அவற்றை வைத்திருப்பவர்களிடம் சொல்லியிருக்கிறேன். பசை மீதம் இருக்கிறது. எங்காவது சொட்டினால் வியாழக்கிழமை மாலை நானே வந்து பூசித் தருகிறேன், வெள்ளிக்குள் இறுகிவிடும்.